வாய்நீர் ஒழுகும் பிள்ளைகளும் நம் கடமையும்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியனைப் பேச அழைத்தால், தேர்வு முடிவுகளைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும் பேசுவான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. அவற்றைப் பற்றிப் பேச என்னினும் வல்லவர்கள் இம்மேடையில் அமர்ந்திருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மூளை வளர்ச்சியில் குறைபாடு உடைய பிள்ளைகளுக்கு வாயிலிருந்து ஓயாமல் எச்சில் ஒழுகுகிறதே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதைத் தெரிவித்தவுடன் செயலாளர் அவர்கள் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மலரில் இதை எந்தத் தலைப்பில் போடுவது, ஐயா?" என்று மட்டும் கேட்டார். உள்ளதை உள்ளபடியே போடலாம் என்றேன்.

பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி வீடு வீடாகச் செல்வது ஆசிரியர் பணியின் ஒரு பகுதி. நம் குடியிருப்புகளில் அவ்வாறு செல்லும்போது, "வீட்டில் பிள்ளைகள் எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டால், "ரெண்டு பேர் சார்" என்று விடை வரும். உள்ளே பாயில் மூன்றாவதாக ஒரு பிள்ளை இருக்கும். அதை ஏன் பள்ளியில் சேர்க்கவில்லை என்று கேட்டால், நடக்க முடியாது என்றோ பேச்சு வரவில்லை என்றோ தாய் கூறுவாள் என நீங்கள் நினைக்கலாம். பல வீடுகளில் முதலில் வரும் விடை அதுவன்று. "அதுக்கு வாய் ஒழுகிக்கிட்டே இருக்கும் சார். பக்கத்துல யாரு உக்காருவாங்க?" என்பதே முதல் விடை. கால் சூம்பிய பிள்ளையை ஊரார் இரக்கத்தோடு பார்க்கின்றனர். வாய் ஈரமான பிள்ளையை அருவருப்போடு பார்க்கின்றனர். அந்தப் பார்வைக்கு அஞ்சியே தாய் தன் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறாள்.

எச்சில் என்னும் சொல்லுக்கு நம் மக்களிடையே உள்ள கனம் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. பேஷ்வாக்கள் ஆண்ட பூனா நகரில், தீண்டப்படாதார் எனப்பட்டோர் தம் எச்சில் மண்ணில் விழுந்து அதைப் பிறர் மிதித்துத் தீட்டாகிவிடக் கூடாது என்பதற்காகக் கழுத்தில் மண்கலயம் கட்டித் திரிய வேண்டியிருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் இக்கொடுமையை எடுத்துக் காட்டினார். (அந்த உரை மேடையில் ஆற்றப்படாமலே போய், நூலாக வந்து, மேடையில் முழங்கிய பல உரைகளைக் காட்டிலும் நெடுங்காலம் நிலைத்தது என்பதை இளைஞர்கள் அறிவீர்கள்.) தேநீர்க் கடைகளில் நமக்கென்று தனிக் குவளை வைத்த வழக்கமும் இதே எச்சில் அச்சத்தின் மறுபக்கமே. இத்தகைய வரலாறு உடைய மக்களின் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளைக்கு, அதன் வாயீரத்தைக் காரணமாகக் காட்டித் தனித் தட்டும் தனிக் குவளையும் தனி மூலையும் ஒதுக்குகிறோம் என்றால், வெளியார் நமக்குச் செய்ததை நாம் நம் பிள்ளைக்குச் செய்கிறோம் என்பதே பொருள். கடுமையாகச் சொல்கிறேன் என்று தாய்மார்கள் வருந்த வேண்டாம். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. இதைச் சொல்வதற்கு இம்மேடையினும் பொருத்தமான மேடை எனக்குக் கிடைக்காது என்பதால் சொன்னேன்.

இனி உடலியல் பக்கத்துக்கு வருவோம். நான் மருத்துவன் அல்லேன், பி.ஏ., பி.எட். பயின்ற வரலாற்று ஆசிரியன். மருத்துவர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டும், படித்தும் அறிந்துகொண்டதையே இங்குக் கூறுகிறேன்.

நம் ஒவ்வொருவர் வாயிலும் நாள்தோறும் உமிழ்நீர் சுரந்துகொண்டே இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு அது நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை ஆகும். காதுகளின் முன்புறம் ஓர் இணை, கீழ்த்தாடையின் அடியில் ஓர் இணை, நாவின் அடியில் ஓர் இணை என மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் இந்நீரைத் தருகின்றன. உண்ணாமல் சும்மா இருக்கும் வேளையில் ஊறுவதில் பெரும்பங்கு தாடையடிச் சுரப்பிகளுடையது. இவ்வளவு நீரும் எங்கே போகிறது? நாம் அறியாமலே, நாளொன்றுக்குப் பல நூறு முறை அதை விழுங்கிவிடுகிறோம். விழுங்குதல் எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் உதடுகள் மூட வேண்டும். தாடை அசையாது நிற்க வேண்டும். நா நீரைத் திரட்டிப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்நேரத்தில் மூச்சுக்குழாயின் வாயில் அடைபட வேண்டும். இத்தனை தசைகளையும் கண நேரத்தில் ஒழுங்குபடுத்துவது மூளை. பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில நாட்களிலோ மூளைக்கு ஊறு நேர்ந்தால், கை கால்களின் தசைகள் தடுமாறுவது போலவே வாயின் தசைகளும் தடுமாறுகின்றன. மூளை முடக்குவாதம் என்று இன்று நாம் கூறும் இந்நிலையை 1861இல் இலண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில் என்பவர் மருத்துவர் சங்கத்தின் முன் விரிவாக எடுத்துரைத்தார். நெடுநாள் அது அவர் பெயராலேயே வழங்கிற்று.

பச்சைக் குழந்தைக்கு வாய் ஒழுகுவது இயற்கை. பல் முளைக்கும் பருவத்தில் சற்று மிகும். ஒன்றரை, இரண்டு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். நான்கு வயதைக் கடந்த பிறகும் விழித்திருக்கும் நேரத்தில் ஒழுகிக்கொண்டே இருந்தால், அதைக் கவனித்தாக வேண்டும். மூளை முடக்குவாதம் உடைய பிள்ளைகளில் ஏறத்தாழப் பத்தில் நால்வருக்கு இத்தொல்லை இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. டவுன் நோய்க்குறி உடையோர், அறிவு வளர்ச்சியில் பின்தங்கியோர், ஆட்டிசம் உடையோர் ஆகியோரிடையிலும் சிலருக்கு உண்டு.

இங்கே ஒரு செய்தியை நீங்கள் நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறேன். இப்பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு உமிழ்நீர் மிகுதியாகச் சுரப்பதில்லை. உங்களுக்கும் எனக்கும் சுரக்கும் அளவே அவர்களுக்கும் சுரக்கிறது. குழாயில் தண்ணீர் மிகுதியாக வரவில்லை, வடிகாலில்தான் தடை. ஆகவே வாய் ஒழுகுவது அறிவின் அளவுகோல் அன்று. நுட்பமாகக் கணக்குப் போடும் பிள்ளைக்கும் வாய் ஒழுகலாம். அதைப் பார்த்த மாத்திரத்தில் "இது பைத்தியம்" என்று முடிவு கட்டுவோர், தாடைத் தசையின் தளர்ச்சியைப் பார்த்து மண்டைக்குள் இருப்பதை அளக்கிறார்கள். மசக்கைக் காலத்தில் தாய் ஆசைப்பட்ட பண்டம் கிடைக்காததால்தான் பிள்ளைக்குச் சொள்ளு வடிகிறது என்று கூறும் பாட்டிமார்கள் இன்றும் இருக்கிறார்கள். பாட்டிமார்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஏற்கெனவே நொந்திருக்கும் தாயின் தலையில் அவள் செய்யாத குற்றத்தையும் ஏற்றுகிறதே அந்தப் பேச்சு, அதை நிறுத்த வேண்டும்.

ஒழுகுவதால் வரும் துன்பம் வெறும் அழுக்கு மட்டுமன்று. முகவாயும் கழுத்தும் எப்போதும் ஈரமாக இருப்பதால் தோல் சிவந்து புண்ணாகிறது. மேலாடை நனைந்து நாறுகிறது. எழுதும் தாள் நனைந்து மை கரைகிறது. உடலில் சேர வேண்டிய நீர் வெளியே போவதால் சில பிள்ளைகளுக்கு நீர்ச்சத்துக் குறைந்து மலச்சிக்கலும் உண்டாகிறது. இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. சில பிள்ளைகளுக்கு உமிழ்நீர் முன்பக்கம் வழியாமல் பின்பக்கம் தொண்டையில் தேங்கி, மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் சொட்டுகிறது. உண்ணும்போது இருமல், குரலில் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற ஒலி, மார்புச் சளியும் காய்ச்சலும் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வருதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவ்வறிகுறிகள் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய பிள்ளைகள் நிமோனியாவினால் இறந்துபோவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். பெயரைச் சொல்ல மாட்டேன். இம்மலரை அவளே படிப்பாள். சேர்ந்த முதல் வாரத்தில் அவள் பக்கத்தில் இருந்த இருவர் இடம் மாறிக்கொண்டனர். பகலுணவு வேளையில் அவள் தட்டு வரிசைக்கு வெளியே போயிற்று. பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் வழக்கம் நம் புதுவையில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே, 1930இல், தொடங்கிய பழமையான வழக்கம். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அதன் சிறப்பு. அவ்வரிசையில் ஓர் இடைவெளி விழுந்ததைக் கண்ட வகுப்பாசிரியை, பிள்ளைகளைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அச்சிறுமி அமர்ந்திருந்த பலகையைப் பார்த்தார்.

கால் தரையில் எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால் இடுப்பு முன்னே வழுக்கி, முதுகு வளைந்து, தலை மார்பின்மேல் கவிழ்ந்திருந்தது. தலை கவிழ்ந்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் நீர் கீழேதானே வழியும்? இரண்டு செங்கல்லின்மேல் ஒரு பலகை வைத்துப் பாதங்கள் முழுமையாக ஊன்றச் செய்தார். முதுகுக்குப் பின்னே மடித்த சாக்கு ஒன்றை அணை கொடுத்தார். முழங்கை படியும் உயரத்துக்கு மேசையை மாற்றினார். பழைய ஓவியப் பலகை ஒன்றைச் சாய்வாக நிறுத்தி அதன்மேல் புத்தகத்தை வைத்தார். புத்தகம் நிமிர்ந்ததும் தலையும் நிமிர்ந்தது. இத்தனைக்கும் ஆன செலவு ஒன்றுமில்லை. சிறுமியின் தாய் நாள்தோறும் எட்டுக் கைக்குட்டைகள் கொடுத்தனுப்புவது வழக்கம். அந்த மாத முடிவில் ஐந்து போதுமானதாயிற்று. மருத்துவர்களிடம் ஒழுக்கின் அளவையும் அடிக்கடி நேர்வதையும் மதிப்பெண் இட்டுக் குறிக்கும் முறைகள் உள்ளன. நமக்கு நனைந்த கைக்குட்டைகளை எண்ணுவதே போதும். மருத்துவரிடம் செல்லும்போது அந்த எண்ணிக்கையைச் சொல்லுங்கள். "நிறைய ஒழுகுது" என்பதைவிட அது அவருக்குப் பயன்படும்.

பிறகு ஆசிரியை வகுப்பில் உண்மையைக் கூறினார். "தொட்டா ஒட்டிக்குமா, டீச்சர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஒட்டாது, இது தொற்றுநோய் அன்று, விழுங்குவதில் உள்ள சிரமம் என்று விளக்கினார். சிறுமியின் பக்கத்தில் அமர முன்வந்த தோழி ஒருத்தி, பென்சிலால் மேசையை மெல்ல இருமுறை தட்டுவாள். உடனே இவள் உதடு மூடி விழுங்குவாள். சில நாட்களில் வகுப்பு முழுவதும் பென்சில் தட்டத் தொடங்கிக் கேலிக்கூத்தாயிற்று. அதன்பின் அத்தோழி ஒருத்திக்கே அவ்வுரிமை என்று சிறுமியே தீர்மானித்தாள். நினைவூட்டுவோர் யார் என்பதைப் பிள்ளையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்பதை நாங்கள் அன்று கற்றோம்.

ஒழுக்கு அடியோடு நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. குறைந்தது. வரிசையில் அவள் தட்டு மீண்டும் வந்து சேர்ந்தது.

வீட்டில் செய்யத் தக்கவை என்ன? துடைக்கும் முறையைத்தான் முதலில் சொல்வேன், ஏனெனில் நாம் எல்லாரும் செய்வதும் தவறாகச் செய்வதும் அதுவே. முந்தானையால் அழுத்தித் தேய்த்துத் துடைக்கிறோம். தேய்ப்பதால் தோல் புண்ணாகிறது. வாயைச் சுற்றி ஓயாமல் தேய்ப்பது உமிழ்நீர் மேலும் ஊறத் தூண்டுதலாகவும் ஆகலாம். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைக்கும் முன் "விழுங்கு, கண்ணு" என்று சொல்லி, விழுங்கிய பின் முகவாயிலிருந்து கீழுதட்டை நோக்கி மேல்முகமாக ஒற்றினால், உதடு மூடும் உணர்வும் உடன் வரும். கை பயன்படும் பிள்ளையிடம் துணியை அதன் கையிலேயே கொடுத்துப் பழக்க வேண்டும். மணிக்கட்டில் துண்டுத் துணிப் பட்டை கட்டிவிட்டால் தானே துடைத்துக்கொள்ள எளிது. இரவில் முகவாயில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ மெல்லியதாகத் தடவினால் ஈரம் தோலைத் தின்னாது.

உணவூட்டும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஐந்து, ஆறு வயதான பிள்ளையையும் மடியில் மல்லாக்கக் கிடத்திப் பாலாடையால் கஞ்சி ஊற்றும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் உண்டு. விரைவில் வயிறு நிறையும் என்பது உண்மைதான். தாய்க்கு வேலைக்குச் செல்ல நேரமாகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் தலை பின்னே சாய்ந்திருக்கையில் ஊற்றும் கஞ்சி மூச்சுக்குழாயினுள் புகும் ஆபத்து உண்டு. மேலும் அப்பிள்ளை உதட்டையும் நாவையும் பயன்படுத்தவே கற்பதில்லை. நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாய் சற்றே உள்ளடங்கியிருக்க, நாம் எதிரே சம உயரத்தில் அமர்ந்து, சிறு கரண்டியால் ஊட்ட வேண்டும். கரண்டியை மேலண்ணத்தில் துடைத்து எடுக்காமல், பிள்ளையின் மேலுதடு இறங்கி வந்து உணவை வாங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமையே பயிற்சி. விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு, பயிற்சியாளரின் அறிவுரைப்படி, உறிஞ்சுகுழலில் குடிக்கவும் மென்று தின்னவும் படிப்படியாகப் பழக்கலாம். பேச்சு வரும் என்று வசம்பை உரசி நாவில் தடவுவதும், வாயில் துணியைத் திணிப்பதும், ஒழுகும்போதெல்லாம் முகவாயில் அடிப்பதும் வேண்டவே வேண்டா. ஒழுகாத நேரத்தில் பாராட்டுங்கள். ஒழுகும் நேரத்தில் திட்டாதீர்கள். அஞ்சிய பிள்ளையின் தசைகள் மேலும் இறுகுமே ஒழிய, இணங்கா.

இவ்வளவும் செய்த பிறகும் பயன் குறைவாயின், அல்லது தொடக்கத்திலேயே ஒழுக்கு மிகக் கடுமையாயின், மருத்துவமனையை நாட வேண்டும். நம் ஊருக்கு இதில் ஒரு நற்பேறு உண்டு. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்ற பெரு நிறுவனம் நம் கோரிமேட்டை ஒட்டியே இருக்கிறது. குழந்தை மருத்துவம், பல் மருத்துவம், காது மூக்குத் தொண்டை மருத்துவம் எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைப்பதற்கு வெளியூர் மக்கள் இரவெல்லாம் பேருந்தில் வருகிறார்கள். நாம் நகரப் பேருந்தில் போகலாம், ஆனால் போவதில்லை.

அங்கே மருத்துவர் முதலில் பார்ப்பவை எளியவையே. சொத்தைப் பல்லும் ஈறு வீக்கமும் இருந்தால் உமிழ்நீர் மிகும். அவற்றைச் சரிசெய்வதே பாதி மருத்துவம். மூக்கடைப்போ, மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியோ இருந்தால் பிள்ளை வாயால் மூச்சு விடும், வாய் மூடாது. வலிப்புக்குக் கொடுக்கும் மருந்துகளுள் குளோனாசிபாம், நைட்ராசிபாம் போன்ற சில, ஒழுக்கை மிகுவிக்கக் கூடும். இதைக் கேட்டவுடன் வீட்டில் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. "இந்த மருந்தால் ஒழுக்கு மிகுமா, ஐயா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள், மாற்றுவதானால் அவர் மாற்றுவார்.

உமிழ்நீர்ச் சுரப்பையே குறைக்கும் மருந்துகளும் உள்ளன. கிளைக்கோபைரோலேட் என்பது அவற்றுள் ஒன்று. நரம்புக் குறைபாட்டால் கடுமையாக ஒழுகும் 3 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கென்றே அதன் வாய்வழிக் கரைசலுக்கு 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் தரப்பட்டது. டிரைஹெக்சிபெனிடில் என்னும் மருந்தும் சிலருக்குத் தரப்படுகிறது. இவற்றால் மலச்சிக்கல், சிறுநீர் கழிப்பதில் தடை, கண் மங்கல், எரிச்சற் குணம் ஆகியவை வரலாம். நம் ஊர்த் தாய்மார்கள் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டியது, இம்மருந்துகள் வியர்வையையும் குறைக்கும் என்பது. கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் பிள்ளைக்கு வியர்க்கவில்லையென்றால் உடல் கொதித்துவிடும். கோடையில் பிள்ளையின் உடல் சூடாகி, தோல் உலர்ந்து, சோர்ந்து காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். அடுத்த நிலையில், போட்டுலினம் என்னும் நச்சுப் பொருளை மிக மிக நுண்ணிய அளவில் சுரப்பிகளுக்குள் ஊசியால் செலுத்தும் முறை உண்டு. அதன் பயன் சில மாதங்களே. திரும்பப் போட வேண்டும். அறுவை மருத்துவம் கடைசி வழி. சுரப்பியின் குழாயைத் தொண்டைப் பக்கம் திருப்பி விடுவர், அல்லது சுரப்பியை அகற்றிவிடுவர். நீர் உள்ளே புகும் பிள்ளைக்குக் குழாயைப் பின்னே திருப்புவது பொருந்தாது என்பதால் முன்னதாக நன்கு சோதிப்பார்கள். எந்த வழியாலும் உமிழ்நீரை முற்றிலும் வற்றச் செய்வது நோக்கமன்று. உமிழ்நீர் பற்களுக்குக் காவல். அது குறைந்தால் பல் விரைவில் சொத்தையாகும். ஆகவே மருந்து உண்ணும் பிள்ளைக்கு இருவேளையும் பல் துலக்குவது கட்டாயம்.

மருத்துவத்தால் தீராதது ஒன்று இருக்கிறது. அது பிறர் பார்வை. கொல்கத்தாவைச் சேர்ந்த ஜீஜா கோஷ் அம்மையார் மூளை முடக்குவாதம் உடையவர். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காக உழைப்பவர். 2012 பிப்ரவரியில், கோவாவில் நடந்த மாநாடு ஒன்றுக்குச் செல்ல விமானத்தில் ஏறி இருக்கையில் அமர்ந்த பிறகு, அவரை இறக்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அவருடைய வாயோரத்தில் நுரை தென்பட்டது என்பதும் விமான நிறுவனத்தின் தரப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மருத்துவர் ஒருவரை அழைத்துக் கேளாமலே இறக்கியது தவறு என்று கண்ட நீதிமன்றம், 2016 மே மாதத்தில் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அவ்வழக்கில் அவரோடு உடன் மனுதாரராக நின்றது, 1972இல் மிது ஆலூர் அம்மையார் பம்பாயில் தொடங்கிய அமைப்பு. ஒரு தாய் தன் மகளுக்கெனத் தொடங்கிய பள்ளி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இன்னொருத்தியின் மகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்றது. நம் பெண்மக்கள் இதை அறிய வேண்டும் என்றே இவ்வளவு விரித்தேன்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. "வாய் ஒழுகுகிறது, வேறு பள்ளி பாருங்கள்" என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்ல இயலாது. நானும் அப்பதவியில் இருப்பவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர்க்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு உதவும் நோக்குடன் ஏற்படுத்தப்பட்டது. நம் நகரில் 2003இல் தொடங்கிய சத்யா சிறப்புப் பள்ளியும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005இல் அமைந்த மத்திய அரசின் பல்வகைக் குறைபாட்டினர்க்கான நிறுவனமும் பயிற்சி பெறத் தக்க இடங்கள். இவற்றுக்கெல்லாம் வாயில், குறைபாட்டுச் சான்றிதழ். அதை வாங்க மருத்துவமனையில் ஒரு நாளோ இரு நாளோ நிற்க வேண்டும். அந்த இரண்டு நாள் கூலியை இழக்க அஞ்சித்தான் பல வீடுகளில் சான்றிதழே இல்லை.

ஆகவே கழகத்தின் இளைஞர்களிடம் இரண்டு பணிகளை ஒப்படைக்க விரும்புகிறேன். செயலாளரிடமும் பேசிவிட்டேன். ஒன்று, தெருவுக்கு இருவர் வீதம் பெயர் கொடுத்து, தாய் வேலைக்குச் செல்லும் வீடுகளில் பாட்டியோடும் பிள்ளையோடும் மருத்துவமனைக்குத் துணை செல்வது, வரிசையில் நிற்பது, கைக்குட்டை எண்ணிக்கையையும் மருந்துச் சீட்டுகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுவது. சான்றிதழ் வாங்கும் நாட்களுக்கு இழந்த கூலியில் ஒரு பகுதியைக் கழக நிதியிலிருந்து தரலாமா என்று செயற்குழு ஆராயட்டும்.

மற்றொன்று தையல் வேலை தெரிந்த சகோதரிகளுக்கு. கடையில் விற்கும் மார்புத்துணி பச்சைக் குழந்தைக்கானது. பத்து வயதுப் பையன் கழுத்தில் அதைக் கட்டினால் அதுவே கேலிக்கு இடமாகும். பள்ளிச் சீருடையின் நிறத்திலேயே, வெளியே பருத்தித் துணியும் உள்ளே துண்டுத் துணியுமாக இரண்டு மடிப்பு வைத்து, கழுத்துப்பட்டை போலவோ கழுத்தில் கட்டும் கைக்குட்டை போலவோ தைத்தால், நனைவதும் தெரியாது, மார்பும் ஈரமாகாது. நாடா வைத்து முடிச்சிட வேண்டாம், இழுபட்டால் கழுத்தை இறுக்கும். பின்னே அழுத்துப் பொத்தான் வைத்தால், இழுத்தவுடன் விட்டுவிடும். ஒரு பிள்ளைக்கு ஆறு வேண்டும், துவைத்து உலர்த்தி மாற்றுவதற்கு. மாதிரி ஒன்றை எம் பள்ளி ஆசிரியை தைத்துக் கொடுத்திருக்கிறார். மண்டப வாயிலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன். அதன் அருகிலேயே ஒரு பதிவேடும் இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ளே இருக்கும் அந்த மூன்றாவது பிள்ளையின் பெயரையும் வயதையும் இன்று வீடு திரும்பும் முன் அதில் எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.